தில்லியில் ஒரு படம்

நாடு இரண்டான மறுவருடம், மனைவி மங்களத்தோடு தில்லியைச் சுற்றிப் பார்க்கப் போனார் வேதாசலம். பாதுஷா ஒருவரின் சமாதி மண்டபத்தில் அகதிகள் குடியிருந்தார்கள். வாசல் வளைவுக்குக் கீழே ஒருத்தி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"பஞ்சப் பரதேசிங்க, இடத்தையே நாறடிச்சுட்டாங்க" என்று கைத்தடியை ஆட்டி விரட்டினார். அவள் கைக்குழந்தையையும் ரொட்டிக்கல்லையும் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனாள்.

வேதாசலம் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனார். "வளைவுக்குக் கீழ நில்லு. சிரி."

மங்களம் நேரே வெயிலுக்குப் போய், குழந்தையின் தலைக்கு மேல் முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"ஏய், படம் எடுக்க வேணாமா?"

"செத்தவன் வீடுதானே அது? உங்களுக்குத்தான் பொருத்தம். நீங்களே போய் நின்னுக்குங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.