நாலு நல்ல வார்த்தை

“அந்த ஆளா? அஞ்சு வருஷம் எங்க பேக்கிங் செக்ஷன்லதான் இருந்தாரு மேடம். ஒரு நாள் லேட்டா வந்தது கிடையாது” என்றாள் அவள், சூப்பர்வைசருக்கே உரிய மிடுக்கோடு. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

பின்னால் அட்டைப்பெட்டிகள் உரசின. யாரோ டேப்பைச் சர்ரென்று இழுத்தார்கள்.

“ஏம்ப்பா, டேப்பை அப்படி இழுத்து ஒட்டாத! லாரி குலுங்குனா பெட்டி வாயப் பொளந்துடும். தளர்வா வச்சுத் தேய்ச்சு விடு” என்று திரும்பி அதட்டினாள்.

அதட்டு வாங்கியவர் அவளுடைய கணவர். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். இடமும் குடோன் இல்லை, அவர்கள் வீட்டுச் சமையலறை. பத்து வருடக் குடித்தனத்தில் அவரை ‘ங்க’ போடாமல் அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் பாடம் நடத்திய கல்லூரி மூடிப் பதினாலு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடம், துணிக்கடை, கூரியர் ஆபீஸ் என்று ஏறாத படி இல்லை. பயோடேட்டாவைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிடாத குறை. “உங்க படிப்புக்கு இதெல்லாம் ஒரு வேலையா சார்? ரெண்டே மாசத்துல பறந்துடுவீங்க.” பதினோரு இடத்திலும் இதே பல்லவி.

பள்ளிக்கூடப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தை மகள் ஒரு வாரமாகக் காலியாகவே வைத்திருந்தாள். அதைப் பார்த்த அன்று, குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அவர் அழுதது வெளியே கேட்டது.

கடைசியில் படிப்பையே மறைத்தார்கள். பத்தாவது பாஸ் என்று எழுதி, பேக்கிங் வேலைக்கு விண்ணப்பம். ‘முன்பு வேலை பார்த்த இடம்’ என்ற கட்டத்தில், கல்யாணத்துக்கு முன்னால் மனைவி வேலை பார்த்த, எப்போதோ இழுத்து மூடிவிட்ட குடோனின் பெயர். விசாரிப்பதற்கு மனைவியின் நம்பர்.

“ஆளுங்கள எப்படி மேடம் சமாளிக்கிறீங்க?” மறுமுனையில் கம்பெனியின் பெண் அதிகாரி பெருமூச்சு விட்டாள். “எங்க செக்ஷன்ல இந்த வருஷம் மட்டும் மூணு சூப்பர்வைசர் சொல்லாம கொள்ளாம போயிட்டாங்க.”

“பெட்டி உடைஞ்சா யாரு அடுக்குனாங்கன்னு கேக்கக் கூடாது மேடம், எப்படி அடுக்குனாங்கன்னு கேக்கணும். கனமானது அடியில, கண்ணாடி நடுவுல. புதுசா வந்தவங்கள பழைய கையோட ஜோடி சேர்த்து விட்டுட்டா, பாதி சண்டை தானா அடங்கிடும்.” மூச்சுவிடாமல் சொன்னவள், பேச வந்த காரியம் நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அதுல இவரு தங்கமான மனுஷன் மேடம். சொன்னா சொன்னபடி கேப்பாரு.”

மறுமுனையில் தாள் புரண்டது.

“ஒரு விஷயம் உறுத்துது மேடம். இவரு எழுதினதுல ஒரு எழுத்துப்பிழைகூட இல்ல. கமா, புள்ளி எல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு. நிறையப் படிச்சுட்டு மறைக்கிறாரோன்னு தோணுது. அந்த மாதிரி ஆளுங்க எங்களுக்குச் சரிப்பட்டு வராது.”

கணவர் டேப்பைக் கீழே வைத்தார். ஒட்டி முடித்த பெட்டியின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்தார். காலிப் பெட்டி அவரோடு சேர்ந்து அமுங்கியது.

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மிடுக்கெல்லாம் எங்கோ போய்விட்டது.

“அப்படிச் சொல்லாதீங்க மேடம். எந்த வேலை குடுத்தாலும் செய்வாரு. கூட்டச் சொன்னாலும் கூட்டுவாரு. இதை விட்டா அவருக்கு வேற போக்கிடம் இல்ல. ஒரே ஒரு தடவை நேர்ல கூப்பிட்டுப் பாருங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்.”

‘போதும், வை’ என்று கணவர் கையைக் காட்டினார். கண்ணீர் அவள் கண்ணை மறைத்தது. சிவப்புப் பொத்தானைத் தேடி விரல் தடுமாறியபோது, மறுமுனைக் குரல் அவசரமாகக் கேட்டது.

“வச்சுடாதீங்க மேடம். அவர விடுங்க, நீங்க வர்றீங்களா?”