சின்கேப்

“சிங்கப்பூரா? அப்பவே நெனச்சேன். இவ சித்தப்பன் அங்கனதான இருக்கான்!”

தம்பி பெண்டாட்டியைக் கைகாட்டித் தங்கப்பழம் அக்கா தீர்ப்பை எழுதிவிட்டாள்.

சிங்கப்பூர் இல்லை, சின்கேப் என்று திருத்தினான் தம்பி சுயம்புலிங்கம். அது ஒரு ஜீனின் பெயர். மூளையில் ஒரு செல் பேசுவதை அடுத்த செல் வாங்கிக்கொள்ளும் இடத்தில் அதன் புரதம் உட்கார்ந்துகொண்டு சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். கற்றது மூளையில் பதிய அது வேண்டும். அவன் மகள் முத்துமணிக்கு அந்த ஜீனில் ஒரே ஓர் எழுத்துப் பிசகு. ஐந்து வயதாகியும் பேச்சில்லை. திடீரென்று இமை படபடக்க, நின்ற இடத்திலேயே நின்றுவிடுவாள்.

பாத்திரக்கடை வைத்திருக்கும் அவன் பத்து நாள் டாக்டருக்குப் போன் போட்டுக் கற்றுக்கொண்ட அறிவியல் இவ்வளவும். அக்கா கொட்டாவி விட்டாள்.

“அதெல்லாம் கெடக்கட்டும்லே. யாரு வழி?”

சாமியே பாதி சங்கரன், பாதி நாராயணன் என்று ஒரே உடம்பில் நிற்கிற ஊர். ஆனாலும் குறை என்று வந்துவிட்டால், முழுசாக ஒரு பக்கத்தின் தலையில் கட்டினால்தான் இங்கே தூக்கம் வரும்.

அக்காவும் அத்தானும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததே அதற்காகத்தான். தாய் வழி என்று ரிப்போர்ட் சொல்லிவிட்டால், அவன் மனைவி வேல்விழியையும் பிள்ளையையும் வாசுதேவநல்லூரில் அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது. கார்கூடப் பேசி வைத்திருந்தார்கள். பஸ்ஸில் ஏற்றிவிட மனசு வரவில்லையாம். அவ்வளவு கருணை.

வேல்விழி அடுக்களை வாசலில், பிள்ளையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

மூன்று பேர் ரத்தமும் போய் வந்த ரிப்போர்ட். சுயம்புலிங்கம் கடைசிப் பக்கத்தைப் பிரித்தான். பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் மூன்று முறை தோற்ற விரல், வரிமேல் எறும்புபோல ஊர்ந்தது.

“நம்ம வழிதான்க்கா. அப்பாகிட்ட இருந்து வந்திருக்குன்னு போட்டிருக்கு. என் மண்டையப் பத்தி ஒனக்குத் தெரியாதாக்கும்?”

அத்தான் அவன் தலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இருக்கும் இருக்கும் என்பதுபோலத் தன் தலையை ஆட்டினார்.

ஒருவராவது மறுத்துப் பேசுவார்கள் என்று அவன் லேசாக எதிர்பார்த்திருந்தான்.

நம்ம வழி என்றதும் நோய் சட்டென்று சிறுத்துப்போனது. வளர வளரச் சரியாகிவிடும் என்றாள் அக்கா. கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பிள்ளை நெற்றியில் பூசினாள். கார்க்காரனுக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்றாள்.

அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகு, இங்கிலீஷில் ஒருமுறைகூடத் தோற்காத வேல்விழி அந்தக் கடைசிப் பக்கத்தை எடுத்துப் படித்தாள்.

தாயிடம் இல்லை. தந்தையிடமும் இல்லை. பிள்ளையிடம் புதிதாக நேர்ந்தது.

இன்னொரு முறை படித்தாள். மடித்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள்.

“ஒங்கள மூணு தடவ ஃபெயிலாக்குன வாத்தியார் மேல தப்பே இல்லங்க,” என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.