வெறும் நாற்காலி

"வெறும் நாற்காலியை ஆட்டாதேம்மா! வீட்டுப் புள்ளைக்கு ஆகாது" என்று பதறினார் முதலாளி குருபரன்.

ஆட்டாமல் எப்படிச் சோதிப்பது? லாக்கைப் போட்டால் அசையாமல் நிற்கும், எடுத்தால் ஊஞ்சலாய் ஆடும். இளவேனில் வடிவமைத்த குழந்தை நாற்காலி அது. காலையில்தான் லாக் தானாகக் கழன்று, குப்புறக் கவிழ்ந்திருந்தது.

"மணல் மூட்டை வைக்கிறேன் சார்."

"பொணம் மாதிரி மூட்டையா? உசுரு இருக்கணும்." பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார். "பூவாத்தா, உன் பாப்பாவை இதுல உக்கார வை."

பூவாத்தா தயங்கித் தயங்கி உட்கார வைத்தாள்.

"உங்க பேரன் மாடியிலதானே சார் இருக்கான்?" என்றாள் இளவேனில்.

"அந்த லாக்கை நம்பி அவனை உக்கார வைக்கச் சொல்றியா?"

சிரித்தார். கடைவாயில் வெற்றிலைச் சாறு வழிந்தது. அதைப் புறங்கையால் துடைத்து, அதே கையால் பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளினார்.

இளவேனில் சட்டென்று குனிந்தாள். பாப்பாவைத் தூக்கித் தாயிடம் கொடுத்தாள். காலியான நாற்காலியைக் காலால் ஓங்கித் தள்ளினாள். அது வேகமாக ஆடியது.

"ஐயோ, என் பேரன்!" குருபரன் பாய்ந்து, வெறும் நாற்காலியை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பூவாத்தா பாப்பாவின் கன்னத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"இன்னொருக்கா ஆட்டுங்கக்கா" என்றாள்.