ஒழுகும் பொந்து

மரங்கொத்தி வருஷத்துக்கு ஒரு பொந்து கொத்தும். குஞ்சுகள் பறந்ததும், யார் வேண்டுமானாலும் இருந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடும். மழை பெய்த மறுநாள் காலையிலேயே கிளி வந்து நின்றது.

"என் பொந்து ஒழுகுது. எப்போ சரிபண்ணுவே?"

"வாசலைக் கொஞ்சம் சாய்ச்சுச் செதுக்கினா போதும். உனக்கும் அலகு இருக்கே."

"இது பழம் தின்ன. கொத்தினது நீ, நீதான் வந்து பாக்கணும்."

கழுத்து வலியோடு மரங்கொத்தி போனபோது, பக்கத்துப் பொந்து மைனா அலகெல்லாம் மரத்தூளாகக் கிளியின் பொந்து வாசலில் உட்கார்ந்திருந்தது.

"நானே சாய்ச்சுட்டேன். சரியா இருக்கா பாரு."

உள்பக்கமாகச் சாய்த்திருந்தது. இனி மழை மொத்தமும் உள்ளேதான்.

மரங்கொத்தி பெருமூச்சு விட்டது. மறுபடி செதுக்க வேண்டும். மரத்தைப் பற்றிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, மைனாவுக்கும் இடம் விட்டது.