ஏழில் மட்டும் இல்லை

மறுபடியும் 'இல்லை' என்றது ஏழாவது கம்ப்யூட்டர்.

சுசீலா ஃபிளாப்பியை உருவி, ஊதி, மீண்டும் செருகினாள். மீண்டும் 'இல்லை'.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்ததும் தேதி குழம்பாமலிருக்க, எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரு திருத்தக் கோப்பை ஏற்றியாக வேண்டும். ஏற்றியாயிற்றா என்று பார்க்க அவளே ஐந்து வரியில் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தாள். அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் 'உண்டு' என்று சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

மற்றவை எல்லாம் சமர்த்தாக 'உண்டு' என்றுவிட்டன.

ஏழில் திங்களன்று ஏற்றினாள். செவ்வாய் காலை இல்லை. செவ்வாயன்றும் ஏற்றினாள். இன்றும் இல்லை. வீட்டில் கணவனும் இப்படித்தான், சொன்னதெல்லாம் விடிவதற்குள் மறந்துபோகும்.

ஏசி இரைந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த பாதங்கள் சில்லிட்டன. மானிட்டரின் நெற்றியில் ஆயுதபூஜைச் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. எதைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தக் கம்பெனியில் அவள் இன்னும் தற்காலிகம்தான். "எல்லாம் உண்டுன்னு வரட்டும்மா, அன்னிக்கே பெர்மனென்ட்" என்று மேலாளர் ஜெயராமன் சொல்லியிருந்தார். ஆவடியிலிருந்து ரயிலில் நசுங்கி வரும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள். அதில் எங்கோ ஒன்று இடறும். நின்று என்னவென்று பார்க்காமல் தாண்டிவிடுவாள்.

ஏழின் கோப்புப் பெயர்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள்.

அதே அளவில், அதே தேதியில், திருத்தக் கோப்பு அங்கேயேதான் இருந்தது. பெயர் மட்டும் வேறு.

வடிவு.

"பார்வதக்கா, இது உங்க வேலையா?"

ஏழில் ஸ்டோர் கணக்கு அடிக்கும் பார்வதம் டிபன் பாக்ஸை நிதானமாக மூடினாள். "அழிக்கலமா. பேர மட்டும் மாத்தி வச்சேன். நீ தட்றத தெனம் பாத்துகினுதான கீறேன்."

"என் வேலை போயிடும்க்கா. உங்களுக்குத் தெரியாதா?"

"போவக்கூடாதுன்னுதான். உனுக்கு முன்னாடி இதே சீட்ல வடிவுன்னு ஒரு பொண்ணு இர்ந்திச்சு. இந்த மிஷினுங்க அத்தினியும் செட் பண்ணது அதான். அதுக்கும் மேனேஜரு பெர்மனென்ட்டுன்னுதான் சொன்னாரு. முடிச்ச அன்னிக்கு சாயங்காலமே, நாளைலேர்ந்து வராதன்ட்டாரு. நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பியா நீ?"

நம்பியிருக்க மாட்டாள். பார்வதத்தோடு சண்டை போட்டிருப்பாள்.

இப்போது கேட்கும்போது புதிதாக எதையும் கேட்ட மாதிரியே இல்லை. அதனால்தான் சுசீலாவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு மேலே ஜெயராமனின் தலை தெரிந்தது. "முடிஞ்சுதாம்மா?"

"பாத்துட்டே இருக்கேன் சார்."

நாற்காலியை எட்டாவது கம்ப்யூட்டருக்கு இழுத்துப் போட்டாள். அதிலிருந்த திருத்தக் கோப்புக்குப் பெயர் மாற்றும் கட்டளையை அடித்தாள். புதுப் பெயர் வேண்டிய இடத்தில் விரல்கள் சற்று நின்றன.

தன் பெயரையே அடித்தாள்.

"இன்னும் முடியல சார்" என்றாள். "இப்ப எட்டுலயும் 'இல்லை'ன்னு வருது."