தொட்டி மேல் ஒரு புள்ளி

மாவட்டத் தகவல் பிரிவின் திரையில் விரிந்த வரைபடத்தில், அந்தக் கிராமத்துக் குழந்தைகள் நாற்பத்தொரு பேரும் ஒரே சிவப்புப் புள்ளியில் நின்றார்கள். வீடு வீடாகப் போகாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து எடையை இட்டுக்கட்டினால் அப்படித்தான் சிவக்கும். யார் அனுப்பினாலும், ஒரே இடத்தில் குவியும் பதிவுகளைச் சிவப்பாக்கும் அந்த விதியை எழுதியவளே அப்பிரிவின் அதிகாரி அமுதினிதான். அங்கன்வாடிப் பணியாளர் பேச்சியம்மாளை நீக்கச் சொல்லும் அறிக்கையைப் பாதி எழுதிவிட்டுத்தான் நேரில் பார்க்க வந்தாள். புள்ளி இருந்த இடத்தில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி நின்றது.

“வீடு வீடாப் போயித்தான் மேடம் எடை போடுதேன். நோட்டுல எழுதிக்கிட்டு இங்க ஏறி அனுப்புவேன். சிக்னல் மேலதான் கெடைக்கும்” என்றாள் பேச்சியம்மாள்.

“இதை ஏன் சொல்லல?”

“சொல்லுததுக்குப் படிவத்துல எடம் இல்லையே.”

அமுதினி நோட்டை வாங்கிப் புரட்டினாள். அட்டையின் ஓரமெங்கும் பல் பதிந்திருந்தது. ஏணியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.

அறிக்கையை அன்றே அனுப்பியாக வேண்டும். “கீழ பாக்காதீங்க மேடம்” என்ற குரல் பின்னால் வர, அவளும் ஏறினாள். உச்சியில் நின்று, எழுதியதை அழித்துவிட்டு, ‘பணியாளர் மேல் தவறில்லை’ என்று அடித்து அனுப்பினாள்.

கைபேசித் திரையில் வட்டம் சுற்றி நின்றது. அதே புள்ளியில் அவள் பெயரும் சிவந்தது.