தடிக்காத எழுத்து

மருத்துவரின் அறையில் எங்களுக்கென்று மூன்று நாற்காலிகள். ஒன்றில் தையல்காரி, ஒன்றில் அவள் மகள், மூன்றாவதில் பக்கத்து வீட்டுக்காரி நான். எட்டிப் பார்க்கும் பழக்கமெல்லாம் எனக்கில்லை. மகளின் ரத்தப் பரிசோதனைத் தாள்தான் என் பக்கம் திரும்பியிருக்கிறது. கழுத்து அளவுநாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருக்கும் தையல்காரி, வரிவரியாக விரலை ஓட்டுகிறாள். தப்பிருந்தால் தடித்த எழுத்தில் போடுவார்கள் என்று தெருவுக்கே பாடம் எடுத்தவள். "பாத்தியாடி, ஈரல் புத்துக்குன்னு எடுத்த டெஸ்டு. ஒரு எழுத்துகூடத் தடிக்கல. நீதான் ஊரக் கூட்டுன." மகள் சிரிக்கிறாள். "நானா? பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் கூட்டிட்டு வந்தது யாரும்மா?" எனக்குச் சுருக்கென்கிறது. மருத்துவர் சிரிக்கவில்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் செருகுகிறார். ஈரலில் முட்டையளவுக்கு ஒரு நிழல். "இது அபூர்வமான வகைம்மா. சின்ன வயசுக்காரங்களுக்கு வரும். ரத்தத்துல பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. சதை எடுத்துப் பார்த்ததுல உறுதியாயிடுச்சு." பலகையின் விளக்கு ரீங்கரிக்கிறது. தையல்காரியின் விரல் இன்னும் அந்த வரியிலேயே நிற்கிறது. மறுகை, அவளை அறியாமலே, மகளின் இடுப்புத் துணியைக் கிள்ளிப் பார்க்கிறது. போன வாரம்தான் பிடித்துத் தைத்தாள். மறுபடியும் இரண்டு விரல் தொளதொளக்கிறது.